வெளியே நிற்கும் கேப்டன்

பள்ளி விடுதி
ஜூன் 12, 2011, ஞாயிறு இரவு

அன்புள்ள கொன்சாகா அண்ணா,

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. தபாலில் போட்டால் சிஸ்டர் ரெதெம்ப்தா பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். அதனால் காலையில் ரொட்டி வண்டி ஓட்டி வருகிறவரிடம் கொடுக்கப்போகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

அண்ணா, நம் டிவிடி இங்கே வந்துவிட்டது.

நேற்று சாப்பாட்டுக் கூடத்தில் படம் போடும் நாள். கார்ட்டூன் என்றால் சிஸ்டர் கேள்வியே கேட்கமாட்டார். அதில் யாரும் யாரையும் முத்தமிடமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்துவந்த உறையைத் தூக்கிக் காட்டினாள். வானத்தில் பறக்கும் பழைய கப்பல், அதன் வயிறு முழுக்கத் தொலைந்துபோன பெட்டிகள், மேலே கொட்டை எழுத்தில் உன் பெயர், 'வீஜே கொன்சா'. என் தட்டிலிருந்த அவரைக் குழம்பு மடியில் கொட்டியது.

என் வீடியோ கொட்டகையில் மட்டும்தான் போடுவேன் என்று நீ சொன்னாய். சொன்னாயா இல்லையா? ஈஸ்டர் விடுமுறையில், அமெரிக்கக்காரர்களின் பேச்சைத் தணித்துவிட்டு எல்லாருக்கும் நம் மொழியில் நீயே பேசிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தேன். "கேப்டன் மட்டும் எனக்கு வரமாட்டேங்கிறா, நீ ஒரு தடவை பேசிப் பாரு" என்றது நீ. ஒற்றைச் சிவப்புக் கண்ணை உருட்டிக்கொண்டு எல்லார் படுக்கையையும் சோதிக்கும் அந்த இரும்பு இயந்திரக் கேப்டனுக்கு எங்கள் வார்டன் நாலோங்கோவின் குரலைக் கொடுத்தது நான். விளையாட்டுக்குத்தான் கொடுத்தேன்.

கேப்டன் முதல் தடவை வாயைத் திறந்ததும் கூடம் அப்படியே அடங்கிவிட்டது. பிறகு பின்வரிசையில் யாரோ, "ஐயோ, நம்ம நாலோங்கோடீ!" என்று கத்தினாள். அவ்வளவுதான், பெஞ்சுகள் கவிழ்ந்தன. காலையில் மண்டியிட்டு வணக்கம் சொல்லும்போது, எல்லா விசாரிப்பும் முடிந்தபிறகு இரண்டு பக்கமும் 'ம்ம்' சொல்லி முடிப்போம் அல்லவா? நாலோங்கோவின் 'ம்ம்' மட்டும் சரிவில் இறங்கும் லாரி மாதிரி இழுத்துக்கொண்டே போகும். அதையும் நான் செய்திருந்தேன். பாவி, அதை நீ எல்லா இடத்திலும் சேர்த்திருக்கிறாய்.

நாலோங்கோ வாசலில் விளக்கோடு நின்றிருந்தார். கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

சிஸ்டர் ஓடிவந்து டிவிடியைப் பிடுங்கிக்கொண்டார். "இந்த விடுதிக்குள்ள படுத்துத் தூங்குற ஒருத்திதான் இதைச் செஞ்சிருக்கா. யாருன்னு தெரிஞ்ச அன்னிக்கே மெத்தையைச் சுருட்டித் தலையில வெச்சு அனுப்பிடுவேன்" என்றார். அம்மா என்னை இங்கே கொண்டுவந்து விட்ட அன்று வாசலில் நின்று சொன்னது உனக்குத் தெரியும். நம் வீட்டிலிருந்து தொடக்கப்பள்ளிக்கு மேல் படிக்க வந்தது நான் ஒருத்திதான். நான் மெத்தையோடு திரும்பி வந்தால் அவள் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள்.

இன்று காலையிலிருந்து கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டுகிறேன். கடைகளில் இருக்கும் எல்லா டிவிடியையும் திரும்ப வாங்கிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

பெர்பெத்துவா


க்யோத்தேரா
ஜூன் 16

என் அருமை கேப்டனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். கோபப்படாதே. பெஞ்சு கவிழ்ந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதைக் கேட்டு, படத்துக்குப் பேசுகிற எந்த வீஜேதான் சிரிக்கமாட்டான்?

திரும்ப வாங்குவது நடக்காது பெர்பெ. கொட்டகையில் பார்த்தவர்கள் வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று நின்றார்கள். நானும் கொடுத்தேன். அதைப் பார்த்து மசாக்கா டவுனில் இன்னொருவன் நகல் எடுத்துவிட்டான். இப்போது லியாந்தொண்டேயில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையிலும் ஓடுகிறதாம். செவ்வாய்க்கு அப்பால் எல்லா விண்கலங்களும் இறைச்சி தின்ன நிற்கும் ஊருக்கு நான் லியாந்தொண்டே என்று பெயர் வைத்தேனே, அங்கே அந்த இடம் வந்ததும் மேசையைத் தட்டுகிறார்களாம்.

ஒரு விஷயம் கவனித்தேன். சண்டைப் படத்தை ஆட்கள் ஒரு தடவை பார்ப்பார்கள், துப்பாக்கி ஓய்ந்ததும் எழுந்து போய்விடுவார்கள். இதை அப்படிப் பார்ப்பதில்லை. எதிர்வீட்டுத் தையல்காரி காலையில் போட்டுவிட்டால் சாயங்காலம்வரை ஓடுகிறது. பிடித்த இடம் வந்தால் நிறுத்தி, பின்னால் தள்ளி மறுபடி பார்க்கிறாள். "என்ன அக்கா, மனப்பாடம் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்றேன். "போடா, உனக்கு என்ன தெரியும்? அவங்க அத்தனை பெட்டியை உரியவங்ககிட்ட கொண்டுபோய்ச் சேர்க்கிறாங்க, அவங்களைத் தேடி ஒருத்தரும் வரல. அப்பவும் சண்டை போட்டுச் சிரிக்கிறாங்க பாரு" என்றாள்.

இப்போது என் குறையைக் கேள். அடுத்த டிவிடிக்கும் கேப்டன் குரல் வேண்டுமே, நான் பேசினால் எடுபடுமா என்று பழைய படத்தில் ஓரிடத்துக்கு நானே குரல் கொடுத்துக் கொட்டகையில் போட்டுப் பார்த்தேன். "கேப்டன் எங்கடா? இது யாரு, தண்டல்காரனா?" என்று செருப்பை வீசினார்கள். பார்வையாளர் நாளுக்கு அம்மாவோடு நானும் வருகிறேன். பையில் சின்னப் பதிவுக் கருவி இருக்கும். மாமரத்தடியில் கொஞ்ச நேரம் பேசினால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

உன் அண்ணன்
கொன்சாகா


பள்ளி விடுதி
ஜூன் 21, இரவு

கொன்சாகா அண்ணாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுத மனம் வரவில்லை.

நீ என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையல்காரியைப் பற்றி எழுதுகிறாய், லாரிக்காரர்களைப் பற்றி எழுதுகிறாய். இங்கே நான் எப்படி இருக்கிறேன் தெரியுமா? தொண்டை கட்டியவளுக்கு நாலோங்கோ கசப்பிலைச் சாறு கொடுக்கிறார். காலையும் இரவும், அவர் கண் முன்னாலேயே குடித்து முடிக்கவேண்டும். கணக்கு டீச்சர் கேள்வி கேட்டால் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். ஆனால் காலை வணக்கத்தில் இருந்து தப்ப முடியவில்லை. பேச முடியாதவளும் மண்டியிட்டு 'ம்ம்' சொல்லித்தான் ஆகவேண்டும், அதையும் சொல்லாவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். முடிந்த அளவு சின்னதாகச் சொல்கிறேன். அப்போது நாலோங்கோ என் தலைக்கு மேலே கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார்.

நேற்று சிஸ்டர் எல்லாரையும் கூட்டினார். "கார்ட்டூன்தானே, சின்னப் பிள்ளைங்க பார்க்கிறது. அதுல அப்படி என்னதான் இருக்கு? யாராவது சொல்லுங்க, நான் தெரிஞ்சுக்கிறேன்" என்றார். இந்த வருடம்தான் சேர்ந்த குட்டி ஒருத்தி எழுந்தாள். ராத்திரி அழுகிறவள் அவள். "சிஸ்டர், அவங்களும் மணி அடிச்சா எந்திரிக்கிறாங்க. தினமும் ஒரே கஞ்சிதான் குடிக்கிறாங்க. வீடு ரொம்பத் தூரம். ஆனா அதை வெச்சே சிரிப்பு காட்டுறாங்க" என்றாள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, உட்காரு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் மோசமானது நடந்தது. என் மேல் கட்டிலில் படுக்கும் கொபுசிங்யேவை எழுப்பி நிறுத்தினார். யாரைப் போல வேண்டுமானாலும் பேசுவாள் என்று பெயர் வாங்கியவள் அவள். "சத்தியமா நான் இல்ல சிஸ்டர். நான் செஞ்சிருந்தா இன்னும் நல்லா செஞ்சிருப்பேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தோம், சிஸ்டர் சிரிக்கவில்லை. பார்வையாளர் நாளுக்கு வரும் அவள் அப்பாவிடம் அவளை மெத்தையோடு ஒப்படைத்துவிடுவாராம்.

இப்போது அவள் என் தலைக்கு மேலே அழுதுகொண்டிருக்கிறாள். கட்டில் ஆடுகிறது. நான் கீழே படுத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

பதிவுக் கருவியோடு நீ இந்தப் பக்கம் வந்தால், உன்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

பெர்பெத்துவா


க்யோத்தேரா
ஜூன் 27

பெர்பெ,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்கே இரண்டு தடவை படிக்கத் தைரியம் வரவில்லை.

அதைப் படித்த பிறகு அந்த டிவிடியை முதலிலிருந்து திரும்பச் செய்துவிட்டேன். கேப்டன் பேசும் ஒவ்வொரு இடத்திலும் உன் குரலை எடுத்துவிட்டு என் குரலைப் போட்டேன். சில இடங்களில் உனக்குப் பின்னால் நான் சிரிப்பது கேட்டது. அதையும் எடுத்தேன். புதியவற்றைச் சுமந்துகொண்டு மசாக்கா போய், கடை கடையாக ஏறி, பழையதைக் கொடுத்தால் புதியது தருகிறேன் என்றேன். ஒருத்தி போட்டுப் பார்த்துவிட்டு, "கேப்டனுக்கு மலேரியாவா?" என்றாள். "ஆமா அக்கா, கொசு அங்கேயும் இருக்கு" என்றேன். பாதிப் பேர் பழையதைக் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார்கள். முடிந்தவரை மாற்றினேன்.

கொட்டகையில் இந்த வாரம் சண்டைப் படம் போடுகிறேன். அதில் வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே குரல் போதும், எப்படியும் சுட்டுக்கொண்டு செத்துப்போகிறார்கள்.

பார்வையாளர் நாளுக்கு நான் வரவில்லை. அம்மா மட்டும் வருவாள், கோழி பொரித்துக் கொண்டுவருவாள். அந்த மேல் கட்டில் பெண்ணுக்கும் ஒரு கால் கொடு.

அவளுக்காக நீ எழுந்து உண்மையைச் சொல்லப்போகிறாய் என்று தோன்றுகிறது. உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். சொல்லாதே என்று எழுதக் கை போகிறது, ஆனால் எழுத உரிமை இல்லை. மெத்தையோடு வந்தாலும் பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். அம்மாவிடம் பேசுவது என் பொறுப்பு.

கொன்சாகா


பள்ளி விடுதி
ஜூலை 3, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணா,

அம்மா வந்துவிட்டுப் போனாள். அவளுக்கு எதுவும் தெரியாது. கோழிக்காலைத் தின்ற கொபுசிங்யே எலும்பைக்கூட விடவில்லை. அவள் இங்கேதான் இருக்கிறாள், நானும் இங்கேதான் இருக்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நேற்று சாப்பாட்டுக் கூடத்தில் சிஸ்டர் அந்த டிவிடியை மறுபடி ஓடவிட்டார். நாலோங்கோவைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "இருட்டுல இருமினாக்கூட யாருன்னு சொல்லிடுவீங்க. கேட்டுச் சொல்லுங்க. இது நம்ம பொண்ணா? கொபுசிங்யேவா?" என்றார்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. கூடம் முழுக்க என் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொபுசிங்யே சுவரோரம் நின்று பாவாடை நுனியைப் பிசைந்துகொண்டிருந்தாள். இனி உட்கார்ந்திருக்க முடியாது என்று தோன்றியது. எழுந்துவிட்டேன் அண்ணா. கழுத்துத் துணியை அவிழ்த்து, வாயைத் திறந்தேன்.

"ஏ பெர்பெத்துவா!" என்று நாலோங்கோ நாற்காலியிலிருந்தே அதட்டினார். "தொண்டை கட்டினவ எதுக்கு எந்திரிக்கிற? உக்காரு. துணியைச் சுத்து."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய? பிறகு அவர் சிஸ்டரிடம் திரும்பி, "இது நம்ம பொண்ணு யாரும் இல்ல சிஸ்டர். யாரோ டவுன்காரி. வயசானவ. என்னோட 'ம்ம்' கூட அவளுக்குச் சரியா வரல, பாதியில மூச்சு வாங்குறா. கொபுசிங்யே செஞ்சிருந்தா ஒழுங்கா வந்திருக்கும்" என்றார்.

சிஸ்டர் டிவிடியை வெளியே எடுத்து உறையில் போட்டார்.

எனக்கு உயிர் வந்தது. அதோடு, உன்னிடம் சொல்லத்தான் வேண்டும், கொஞ்சம் ரோஷமும் வந்தது. எங்கே மூச்சு வாங்கினேன்?

இரவு எல்லாரும் தூங்கியபிறகு நாலோங்கோ என் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார். பின்னாலேயே அவர் அறைக்குப் போனேன். மேசையில் கையகலத் திரையோடு ஒரு டிவிடி பெட்டி இருந்தது, கம்பாலாவில் இருக்கும் அவருடைய இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் வாங்கிக் கொடுத்ததாம். பக்கத்தில் நம் உறை. கடைத்தெருவில் போய் அவரே வாங்கியிருக்கிறார்! நான் மண்டியிட்டேன்.

"எப்பத் தெரியும் அம்மா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"முதல் நாளே. அப்புறம் தினமும் காலையில 'ம்ம்'னு குருவி மாதிரி கீச்சுன்னு சொன்னியே, அப்ப நிச்சயமாச்சு. பயந்தவதான் அப்படிச் சொல்வா."

"பின்ன எதுக்கு அந்தக் கசப்பிலைச் சாறு?"

"கொழுப்புக்கு. அதுக்கும் அதுதான் மருந்து."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து கடைசிப் பகுதியை ஓடவிட்டார். உனக்கு நினைவிருக்கும். கப்பலில் இருக்கிறவர்கள் கேப்டனின் தொல்லை தாங்காமல் அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். கேப்டன் இருட்டில் மிதந்துகொண்டு கதவைத் தட்டுவாள். அங்கே நான் என்ன சொன்னேன்? "பிள்ளைங்களா, திறங்க, நான்தான்." போன வருடம் மழையில் நாங்கள் வேண்டுமென்றே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்குவதுபோல் நடித்தபோது நாலோங்கோ வெளியே நின்று சொன்னது அது. பதிவின்போது எனக்கு அது ஒரு நல்ல வசனம், அவ்வளவுதான்.

"இதை முதல்ல கடையில போட்டுக் காட்டினப்ப நானும் சிரிச்சேன்" என்றார் அவர். "அப்புறம் இங்க வந்து தனியா பார்த்தேன். பின்னால தள்ளி, தள்ளிப் பார்த்தேன். கப்பல் போயிடுது. படம் முடிஞ்சிடுது. அன்னிக்கு எனக்கு நீங்க கதவைத் திறந்தீங்க. இவளுக்கு யாராவது திறக்கிறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை அண்ணா. நான் பார்த்ததும் அதுவரைதான். "தெரியாதும்மா, அண்ணனைக் கேட்கிறேன்" என்றேன். இன்று காலை வணக்கத்தில் என் முன்னால் வந்து, "பதில் வந்துச்சா?" என்றார். கடிதம் இன்னும் எழுதவே இல்லை என்று எப்படிச் சொல்ல?

அவள் உள்ளே வருகிறாளா? உண்மையைச் சொல்.

பெர்பெத்துவா


க்யோத்தேரா
ஜூலை 8

பெர்பெ,

வரவில்லை.

அடுத்த டிவிடியை ஒரு முழு இரவு உட்கார்ந்து பார்த்தேன். கப்பல் ஓடுகிறது, பெட்டிகள் போய்ச் சேருகின்றன, கப்பலில் வேலை செய்யும் அந்த நான்கு கைப் பையன் வழக்கம்போல எல்லாவற்றையும் உடைக்கிறான். கேப்டன் இருக்கையில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். குள்ளம், மஞ்சள் நிறம், கீழே சக்கரம். பழையவளைப் பற்றி அமெரிக்கக்காரர்கள் ஒரு பேச்சும் பேசவில்லை. அவளைச் செய்தவர்களுக்கே அவள் நினைவில் இல்லை போல.

ஆனால் உனக்குத் தெரியும், படத்தில் வருவது பாதிதான். மீதியைச் சொல்வது நான். ஓரிடத்தில் மஞ்சள்காரி வாயைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாக இருட்டையே வெறித்துப் பார்க்கிறாள். எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை. அங்கே நான், 'வெளியே கிடந்து பழைய உடம்பு துருப்பிடித்துப்போச்சு, பையன் திரும்பிப் போய்க் கூட்டிவந்தான், புது உடம்பு கொடுத்தாங்க' என்று சொல்லிவிடலாம். நீளமாகச் சொல்லக்கூட வேண்டாம். அவள் பழைய குரலில் ஒரு வார்த்தை பேசினால் கொட்டகை முழுக்க நம்பிவிடும். என் குரலில் பேசினால் அவள் யாரோ ஒரு மஞ்சள் டப்பா.

நான் எதுவும் கேட்கவில்லை. பதிவுக் கருவியைக் கீழ்வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு இரவல் கொடுத்துவிட்டேன். உண்மையைச் சொல் என்று கேட்டாய், சொன்னேன். நாலோங்கோவிடம் எதைச் சொல்வது என்பது உன் இஷ்டம். நீ வேண்டாம் என்றால் இந்த டிவிடியை நான் செய்யப்போவதில்லை.

கொன்சாகா


பள்ளி விடுதி
ஜூலை 14, இரவு

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் ரொட்டி வண்டியில் வந்து மூன்று நாளாகிறது. நாலோங்கோவைப் பார்த்தால் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தேன். இன்று விளக்கு அணைத்தபிறகு நானே அவர் கதவைத் தட்டினேன்.

நடந்ததை அப்படியே சொன்னேன். படத்தில் வரவில்லை என்றேன். மஞ்சள் நிறத்தைச் சொன்னேன், சக்கரத்தைச் சொன்னேன். நாலோங்கோ படுக்கை விரிப்பை நீவிக்கொண்டிருந்தார். "மறந்துட்டாங்களா" என்று மட்டும் சொன்னார். பிறகு நீ சொல்லக்கூடிய மீதியைச் சொன்னேன், அதற்கு என்ன தேவை என்பதையும் சொன்னேன்.

"உன் குரலா?"

"ஆமாம்மா."

"மறுபடி இங்க வந்து ஓடும். சிஸ்டர் மறுபடி கேப்பாங்க."

"தெரியும்மா. பயமாத்தான் இருக்கு."

அது நிஜம் அண்ணா. அந்த மஞ்சள்காரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பது கண்ணை மூடினால் தெரிகிறது. அவள் என்ன சொல்வாள் என்பதும் தெரிகிறது. அதை நீ சொன்னால் நன்றாக இருக்காது. விடுமுறைக்கு வந்ததும் செய்துவிடலாம். கருவியைக் கல்யாண வீட்டிலிருந்து திரும்ப வாங்கி வை.

இதை நாலோங்கோவிடமும் சொன்னேன். அவர் எழுந்து கதவுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"போன தடவை சிஸ்டர்கிட்டச் சொன்ன பொய்க்குப் பாவமன்னிப்புக் கேட்டப்ப, ஃபாதர் ஒரு முழு ஜெபமாலை சொல்லச் சொன்னாரு" என்றார். "இந்த ஞாயிறு போறப்ப அடுத்த பொய்க்கும் சேர்த்தே சொல்லிட்டு வந்துடுறேன். நீ நல்லா மூச்சு எடுத்துப் பேசு."

பெர்பெத்துவா